போக்சோ புகார் கொடுக்கும் ஊழியருக்கு என்ன பாதுகாப்பு? முதல் குறிப்பு முதல் பணிநீக்க வழக்கு வரை

பள்ளி ஆசிரியர், விடுதி வார்டன், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஸ்கூல் வேன் ஓட்டுநர் என்று குழந்தைகள் புழங்கும் இடத்தில் வேலை பார்க்கிற யாருக்கும் ஒருநாள் இது வரலாம். ஒரு குழந்தை ஏதோ சொல்கிறது, அல்லது உடம்பில் ஏதோ தெரிகிறது. போலீஸுக்குப் போனால் வேலை போய்விடும் என்று பயம். போகாவிட்டால் நம்மையே கேஸில் சேர்ப்பார்கள் என்று ஒரு பேச்சு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், புகார் கொடுத்தவர் மீது வழக்கு பாயாமல் நன்றாகவே காக்கிறது. அவருடைய வேலையைக் காக்க அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பாதுகாப்பை வேறு சட்டங்களிலிருந்து சேகரித்துக்கொள்ள வேண்டும். அது கைகொடுக்குமா என்பது பெரும்பாலும் உங்கள் கையிலுள்ள காகிதங்களையும் அவற்றில் இருக்கும் தேதிகளையும் பொறுத்தது. அதனால் இங்கே சட்டப் பிரிவுகளுக்கு இணையாகக் கடிதம், ரசீது, தேதி பற்றியும் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

கடமை யாருடையது

18 வயதுக்குட்பட்ட ஒருவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, அதைச் சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 19(1). "எந்த நபரும்" என்பது சட்டத்தின் சொல். டாக்டருக்கும் ஆயாவுக்கும் மனநல ஆலோசகருக்கும் ஒரே விதி. ஆலோசனையில் சொன்ன ரகசியம் என்பதற்கு விலக்கு இல்லை.

தெரிவிக்கத் தவறினால் பிரிவு 21(1)இன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் 21(2)இன்படி 1 ஆண்டு வரை சிறையும் அபராதமும். தாளாளரிடம் பேச வேண்டி வரும்போது இந்த உட்பிரிவை நினைவில் வைத்திருங்கள். பாதிப் பேச்சுவார்த்தை அதோடு முடிந்துவிடும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஆசிரியை எச்எம்மிடம் சொல்கிறார். எச்எம் "நீங்க கிளாஸுக்குப் போங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்கிறார். ஆசிரியை தன் கடமை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார். தீரவில்லை. எச்எம்மிடம் சொன்னது 19(1)இன் கீழ் தகவல் கொடுத்ததாக ஆகாது. எச்எம் பாத்துக்கொள்ளாமல் விட்டால் இருவருமே சிக்கலாம்.

24 மணி நேரக் கெடு என்று பலர் சொல்வது போலீஸுக்கு உள்ளது. தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அவர்கள் தெரிவிக்க வேண்டும். உங்களுக்குச் சட்டம் மணிக்கணக்கு வைக்கவில்லை. அதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. மகாராஷ்டிரத்தில் விடுதிச் சிறுமிகள் பாதிக்கப்பட்ட ஒரு வழக்கில், தகவல் கொடுக்காத மருத்துவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது.

அதற்காகத் துப்பறியவும் வேண்டாம். கேரள மருத்துவர்கள் சம்பந்தப்பட்ட 2018ஆம் ஆண்டு வழக்கில், தகவலைத் தேடித் தோண்டி எடுக்கும் கடமை யாருக்கும் இல்லை என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காதுக்கும் கண்ணுக்கும் வந்ததைச் சொன்னால் போதும்.

வழக்கிலிருந்து காக்கும் கவசம்

பிரிவு 19(7) மிகச் சுருக்கமானது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்த எவருக்கும் சிவில் பொறுப்பும் இல்லை, குற்றவியல் பொறுப்பும் இல்லை. மானநஷ்ட வழக்கு போடுவேன் என்று யாராவது மிரட்டினால் இதுவே பதில். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356இலும், உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது என்ற விதிவிலக்கு இருக்கிறது.

"நல்லெண்ணம்" என்பதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தில், நேர்மையாகச் செய்திருந்தால் போதும், கவனக்குறைவு இருந்தாலும் அது நல்லெண்ணமே. தண்டனைச் சட்டத்தின் விளக்கம் கடுமையானது. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது நல்லெண்ணம் ஆகாது. போக்சோ தன்னிடம் விளக்கம் இல்லாத சொற்களுக்குத் தண்டனைச் சட்டத்தைப் பார்க்கச் சொல்வதால், கடுமையான அளவுகோலை வைத்தே நடந்துகொள்ளுங்கள். நடைமுறையில் அதன் பொருள் சுலபமானது. கேட்டதை அன்றே எழுதி வையுங்கள், கேள்விப்பட்டதைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள்.

பொய்ப் புகாருக்கான பிரிவு 22ஐக் காட்டிப் பயமுறுத்துவது வழக்கம். அதன் எல்லை மிகக் குறுகியது. அவமானப்படுத்த, பணம் பறிக்க, மிரட்ட, பெயரைக் கெடுக்க என்ற நோக்கம் "மட்டுமே" இருந்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானால் புகார் பொய் என்று அர்த்தமில்லை. சாட்சி பிறழ்ந்து விடுதலையாகும் வழக்குகளில் தகவல் கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது.

இந்தக் கவசம் பாலியல் குற்றங்களுக்கு மட்டும். அடித்தது, சூடு வைத்தது, பட்டினி போட்டது போன்றவை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் பிரிவு 75இல் வரும். அங்கே 19(7) துணைக்கு வராது. அவதூறுச் சட்டத்தின் விதிவிலக்கை நம்பித்தான் நிற்க வேண்டும். எனவே அத்தகைய புகாரில் சொற்களை இன்னும் அளந்து எழுதுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

குழந்தை பேசும்போது குறுக்கே போகாதீர்கள். "அப்புறம்?", "எங்க நடந்துச்சு?" என்பதற்கு மேல் கேள்வி வேண்டாம். "அவர் உன்னை இங்க தொட்டாரா?" என்று நீங்களே விடையை எடுத்துக் கொடுத்தால், வழக்கு வரும்போது அது குழந்தைக்கும் உங்களுக்கும் எதிராகத் திரும்பும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். அதைக் காப்பாற்றச் சட்டம் உங்களை விடாது.

குழந்தை போனதும் எழுதுங்கள். "அந்த சார் கம்ப்யூட்டர் ரூம்ல பின்னாடி வந்து ஒட்டி நின்னாங்க, நான் நகந்தா அவங்களும் நகந்தாங்க" என்று குழந்தை சொன்னால் அதையே அப்படியே எழுத வேண்டும். "மாணவிக்குப் பாலியல் தொல்லை கொடுத்துள்ளார்" என்று நல்ல தமிழில் மாற்றி எழுதும் பழக்கம் ஆசிரியர்களுக்கு அதிகம். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "பாலியல் தொல்லை என்ற வார்த்தையைச் சொன்னது குழந்தையா, நீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். தேதி, மணி, இடம், கூட யார் இருந்தார்கள் என்பதைக் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள். அடித்துத் திருத்தாதீர்கள். பிறகு ஏதாவது ஞாபகம் வந்தால் கீழே புது மணியைப் போட்டுச் சேர்த்து எழுதுங்கள்.

செய்யக் கூடாத இரண்டு. ஸ்டாஃப் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள். குழந்தையின் பெயர், பள்ளி, தெரு என அடையாளம் காட்டும் எதையும் பரப்புவது போக்சோ பிரிவு 23, சிறார் நீதிச் சட்டம் பிரிவு 74 ஆகியவற்றில் மாட்டிவிடும். உங்களை வெளியேற்றக் காரணம் தேடும் நிர்வாகத்துக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. இரண்டாவது, ஆபாசப் படமோ வீடியோவோ கண்ணில் பட்டால் "ஆதாரத்துக்கு" என்று உங்கள் போனுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். எந்தப் போனில், எந்தக் கணினியில் பார்த்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். எடுப்பது போலீஸ் வேலை.

எங்கே கொடுப்பது

தமிழ்நாட்டில் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையம். எல்லைத் தகராறு வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173இன்படி எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைப்பது குழந்தையை உடனே பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக உதவும். பள்ளிக் கல்வித் துறையின் 14417உம் இருக்கிறது. ஆனால் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது காவல் துறையின் இரண்டு வாசல்களை மட்டும்தான். போன் செய்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கும் எழுத்தில் கொடுங்கள்.

பள்ளியின் உள் புகார்க் குழுவிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வீண். அது பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் துன்புறுத்தலுக்கான குழு. போக்சோ குற்றத்தை விசாரிக்க அதற்கு அதிகாரம் இல்லை.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. இப்படி:

"பொருள்: போக்சோ சட்டம் பிரிவு 19(1)இன் கீழ் தகவல். நான் மேற்படி பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். இன்று பிற்பகல் 3.40 மணிக்கு 7ஆம் வகுப்பு மாணவி ஒருவர் என்னிடம் கூறியது வருமாறு: '…'. நான் நேரில் எதையும் பார்க்கவில்லை. மேற்கண்டதிலிருந்து குற்றம் நடந்திருக்கலாம் என அஞ்சுகிறேன். குழந்தையின் பெயரும் முகவரியும் தனி உறையில் இணைக்கப்பட்டுள்ளன. இத்தகவலை நல்லெண்ணத்துடன், சட்டக் கடமையின்படி அளிக்கிறேன்."

தனி உறை எதற்கு என்றால், கடிதத்தின் நகலைப் பிறகு நீங்கள் நிர்வாகத்திடமும் நீதிமன்றத்திலும் காட்ட வேண்டியிருக்கும். அந்த நகலில் குழந்தையின் பெயர் இருக்கக் கூடாது. "அவன் ஒரு மோசமான ஆள், எல்லாருக்கும் தெரியும்" போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். நல்லெண்ணத்தைக் குலைப்பவை அவைதான்.

ரசீது

ஸ்டேஷன் ரைட்டர் மனுவை வாங்கி, சிஎஸ்ஆர் (மனு ஏற்புச் சீட்டு) போட்டுக் கொடுத்து, "விசாரிச்சுட்டுக் கூப்பிடறோம்" என்பார். அதோடு திரும்பிவிடாதீர்கள். தகவலுக்குப் பதிவு எண் கொடுத்து, எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்கிறது 19(2). பதிவு செய்யத் தவறும் காவலருக்கும் பிரிவு 21இல் தண்டனை உண்டு. 2020ஆம் ஆண்டு விதிகளின் விதி 4இன்படி தகவலை வாங்குபவர் தன் பெயர், பதவி, முகவரி, தொலைபேசி எண், மேலதிகாரியின் விவரம் ஆகியவற்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம்.

"முதல்ல விசாரணை, அப்புறம்தான் எஃப்ஐஆர்" என்றால் ஒன்று கேளுங்கள். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டிஎஸ்பி அனுமதியோடு, 14 நாளுக்குள் முடிக்கும் முதற்கட்ட விசாரணைக்குப் பிரிவு 173(3) இடம் தருகிறது. அந்த அனுமதி வாங்கப்பட்டிருக்கிறதா? மறுத்தால் அதே கடிதத்தை மாவட்ட எஸ்பிக்குத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. எஃப்ஐஆர் போட்ட பின், விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று 90 நாளுக்குள் தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ சொல்ல வேண்டும். வழக்கை மூடப் போகிறார்கள் என்றால், மூடும் முன் தகவல் கொடுத்தவரின் ஆட்சேபத்தை நீதிமன்றம் கேட்க வேண்டும் என்பது 1985 முதல் உள்ள உச்ச நீதிமன்ற விதி.

உங்கள் பெயர் வெளியே வருமா? போக்சோ எஃப்ஐஆர்கள் இணையத்தில் ஏற்றப்படுவதில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு நகல் போகும், அதில் புகார்தாரர் பெயர் இருக்கும். பெற்றோர் புகார்தாரராக முன்வந்தால் நீங்கள் சாட்சியாக மட்டும் நிற்கலாம். அப்போதும் உங்கள் கடிதத்தைத் தனியாகக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பெற்றோர் நாளை சமரசம் ஆகிவிட்டால் உங்கள் கடமையைச் செய்ததற்கு வேறு சான்று இராது.

நிர்வாகத்திடம் எப்போது சொல்வது

ஸ்டேஷன் முத்திரை கையில் வந்த பிறகு. இதில் பலருக்குத் தயக்கம் இருக்கும். முதலில் மேலிடத்தில் சொல்வதே மரியாதை என்று பழகியிருக்கிறோம். ஆனால் வரிசை மாறினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலையில் தாளாளரிடம் சொல்கிறீர்கள். மதியம் "கடமையில் அலட்சியம்" என்று மெமோ வருகிறது. மாலையில்தான் புகார் கொடுக்கிறீர்கள். மெமோவுக்குப் பழிவாங்கத்தான் பொய்ப் புகார் கொடுத்தார் என்ற கதை அவர்களுக்குத் தானாக அமைந்துவிடும். புகார் முதலிலும் மெமோ பிறகும் வந்தால் பழிவாங்கியது யார் என்பதைத் தேதிகளே சொல்லிவிடும். முத்திரை வாங்கிய அன்றே நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். புகார் கொடுத்த தேதியும் பதிவு எண்ணும் போதும், குழந்தையின் விவரம் வேண்டாம்.

மெமோ வந்தால்

வழக்கமான குற்றச்சாட்டுகள் இரண்டு: "நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்", "அனுமதியின்றி வெளியாருக்குத் தகவல்". மெமோ கொடுத்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். வாய்மொழி வேண்டாம். பதிலின் உள்ளடக்கம் நான்கே வரி. தகவல் கொடுக்கும்படி பிரிவு 19 கட்டளையிடுகிறது. கொடுக்காவிட்டால் பிரிவு 21இல் தண்டனை. மற்ற சட்டங்களோடு முரண்பட்டால் போக்சோவே மேலோங்கும் என்கிறது பிரிவு 42ஏ. சட்டம் விதித்த கடமையைத் தடுக்கும் எந்த ரகசிய ஒப்பந்தமும் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23இன்படி செல்லாது. கோபத்தில் ஐந்தாவது வரி எழுதத் தோன்றும், எழுதாதீர்கள்.

ராஜினாமாக் கடிதம்தான் பெரிய ஆபத்து. அறைக்குள் கூப்பிட்டு, "நீங்களே எழுதிக் கொடுத்துட்டா நல்ல சர்டிபிகேட் தர்றோம்" என்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் அது பணிநீக்கம் ஆகாது, பாதி உரிமைகள் அங்கேயே போய்விடும். வற்புறுத்தலில் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்று இரவே மின்னஞ்சலில், நடந்ததைச் சொல்லித் திரும்பப் பெறுவதாக எழுதுங்கள். மறுநாள் தபாலிலும் அனுப்புங்கள்.

வேலையே போய்விட்டால்

இனி உங்கள் வேலை எந்த வகை என்பதைப் பொறுத்தது.

அரசு ஊழியருக்கு அரசியலமைப்பின் பிரிவு 311 இருக்கிறது. சில விதிவிலக்குகள் தவிர, விசாரணை இல்லாமல் பணிநீக்கம் செய்ய முடியாது. நடைமுறையில் வருவது 17பி மெமோவும் (கடும் தண்டனைக்கு வழிவிடும் குற்றச்சாட்டுக் குறிப்பு) தற்காலிகப் பணிநீக்கமும். அதற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடலாம். தகுதிகாண் பருவத்தில் இருப்பவரை "தேவை இல்லை" என்ற ஒரு வரியில் அனுப்பினாலும், அந்த ஒரு வரிக்குப் பின்னால் தண்டனை ஒளிந்திருக்கிறதா என்று நீதிமன்றம் திரை விலக்கிப் பார்க்கும். அப்போது பேசப் போவது புகாரின் தேதிதான்.

தனியார் மருத்துவமனைச் செவிலியர், ஓட்டுநர், ஆயா, அலுவலக எழுத்தர் போன்றோருக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின் கீழ், சங்கம் இல்லாவிட்டாலும் தனி ஆளாகவே சமரச அதிகாரியிடம் போகலாம். 45 நாளில் தீராவிட்டால் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சமரச அதிகாரியிடம் போவதை 2 ஆண்டு தாண்ட விடக் கூடாது. பழிவாங்கும் பணிநீக்கமும், நிர்வாகக் கொள்கை என்ற பெயரில் கெட்ட எண்ணத்தோடு செய்யும் இடமாற்றமும் நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைகள் பட்டியலில் இருக்கின்றன. மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் இதற்குள் வரமாட்டார்.

தனியார் பள்ளி ஆசிரியர்கள் நிலை மெலிவானது. ஆசிரியர் "தொழிலாளர்" அல்ல என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் தொழிலாளர் நீதிமன்றக் கதவு அவர்களுக்கு மூடிவிட்டது. மாநிலத்தின் தனியார் பள்ளிச் சட்டத்தின் கீழ் கல்வி அதிகாரியிடம் முறையீடு, இல்லையென்றால் சிவில் வழக்கு. கூடவே மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு மனு போடுங்கள். வேலையைத் திருப்பித் தரும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை, ஆனால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனாலே பல நிர்வாகங்கள் இறங்கி வரும்.

2014இல் நிறைவேறிய தகவல் அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டத்தைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. வந்தாலும் அதன் வட்டம் அரசுப் பணியாளர்கள் மீதான புகார்கள்தான்.

வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100க்கும் அழைக்கலாம்.

மிரட்டல் வந்தால்

பொய்ச் சாட்சி சொல்லும்படி மிரட்டுவது நியாய சன்ஹிதா பிரிவு 232இல் 7 ஆண்டு வரை சிறைக்குரியது. தனிப் புகார் கொடுங்கள். அதோடு, உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்று நாடு முழுவதற்கும் சட்டமாக்கிய சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவெடுக்கும், விண்ணப்பம் அரசுத் தரப்பு வழக்கறிஞர் துறையின் மாவட்டத் தலைவர் வழியாகப் போகும். உயிருக்கு ஆபத்து, உடைமைக்கும் பெயருக்கும் ஆபத்து, தொந்தரவு என்று மூன்று வகை. போலீஸின் ஆபத்து மதிப்பீட்டு அறிக்கை 5 வேலை நாளில் வர வேண்டும். பாதுகாப்பு ஒரு தடவைக்கு 3 மாதம் வரை. மிரட்டல் போனில் வந்திருந்தால் அழைப்புப் பதிவையும் ஆடியோவையும் அழிக்காமல் அந்தப் போனையே வைத்திருங்கள்.

சாட்சிக் கூண்டில்

சம்மன் வர மாதங்கள் ஆகலாம், அதற்குள் நீங்கள் வேறு பள்ளியில் இருக்கலாம். முகவரி மாறினால் ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுங்கள். போகும் முன் உங்கள் முதல் குறிப்பையும் புகார் நகலையும் படித்துவிட்டுப் போங்கள். கேட்டதைக் கேட்டதாகவும் பார்த்ததைப் பார்த்ததாகவும் சொன்னால் போதும். "உங்களுக்கும் அவருக்கும் முன்விரோதம் உண்டா?" என்று கேட்பார்கள். டைம்டேபிள் தகராறு ஏதாவது இருந்திருந்தால் "இருந்தது" என்று ஒப்புக்கொள்ளுங்கள். இல்லை என்று சொல்லி, அவர்கள் பழைய ஸ்டாஃப் மீட்டிங் பதிவேட்டை எடுத்து நீட்டினால், 3.40 மணிக்கு எழுதிய குறிப்பையும் யாரும் நம்ப மாட்டார்கள்.